வித்தியாசத் தொகை

கொணவட்டத்தில் முஷ்தாக் பாய்
என் இண்டிகாவை மூன்று சுற்று சுற்றினார்.
கோயிலைச் சுற்றுகிற மாதிரி இல்லை,
சந்தையில் ஆடு பிடிக்கிறவர் மாதிரி
அங்கங்கே அமுக்கிப் பார்த்து.

"பின் சீட்டு ஸ்பிரிங் போச்சே, ஏகாம்பரம்."

போகாமல் என்ன செய்யும் பாய்.
பதினோரு வருசம்
காட்பாடி ஸ்டேஷனிலிருந்து ஆஸ்பத்திரிக்கு
அதில் யாரும் சாய்ந்து உட்கார்ந்து வந்ததில்லை.
எல்லாரும் நுனியில்.
முன் சீட்டைப் பிடித்துக்கொண்டு.
நுனியில் மட்டும்தான் செத்திருக்கும், பாருங்கள்.

பார்த்தார்.
ஆமாம் என்றார்.
நாலாயிரம் குறைத்தார்.

ஹவுரா வண்டி நேரத்துக்கு வந்த நாளை
விரல்விட்டு எண்ணலாம்.
மால்டாக்காரர்கள், தன்பாத்காரர்கள்,
எக்ஸ்ரே கவரைக் கைக்குழந்தையாய் அணைத்தபடி,
ஒரு வாளி, ஒரு ஸ்டவ்,
மூட்டையில் அவர்கள் ஊர் அரிசி.
"தாதா, ஆர் கொத்தோ தூர்?"
இன்னும் எவ்வளவு தூரம் என்று.
"ஏய் தோ" என்பேன். இதோ.
பதினோரு வருசத்தில்
நான் பேசிய வங்காளம் அவ்வளவுதான்.
பாலாற்றுப் பாலத்தில் எட்டிப் பார்த்து
ஆறு எங்கே என்பார்கள்.
இதுதான் என்று காட்டுவேன்.
கங்கைக்கரை ஆட்களிடம்
நம் ஆற்றை எப்படி விற்பது, சொல்லுங்கள்.

வரும்போது நாலு பேர்,
திரும்பும்போது மூன்று பேர்,
அப்படி எத்தனை சவாரி என்று
அஞ்சலாட்சி ஒருநாள் கேட்டாள்.
கணக்கு வைக்கவில்லை என்றேன்.

வைத்திருந்தேன்.

அதனால்தான் சரக்கு வண்டி.
சிமெண்ட் மூட்டை
டாக்டர் என்ன சொன்னார் என்று
போனில் யாருக்கோ சொல்லி அழாது.

பொலேரோ பிக்கப், பதினைந்து மாடல்.
பலமனேர் பக்கம் தக்காளி அடித்தது.
என்.ஓ.சி. கையில், எஃப்.சி. மார்ச் வரை.
நெற்றிக் கண்ணாடியில் தெலுங்கில் என்னவோ.
சுரண்டிவிடலாமா என்றேன்.
"சாமி பேருப்பா, இருந்துட்டுப் போவட்டும்" என்றார் பாய்.
பின்பலகை இடுக்கில்
தூசியை மண்ணென்று நம்பி
இரண்டு இலை விட்டிருந்தது ஒரு தக்காளிச் செடி.
அதற்குத் தனியாகக் காசு வேண்டாம் என்று சிரித்தார்.

கார் எண்பத்தைந்தாயிரம்.
பிக்கப் மூன்றே முக்கால் லட்சம்.
வித்தியாசம் இரண்டு தொண்ணூறு:
அஞ்சலாட்சியின் நகைச்சீட்டு,
குழுக்கடன்,
ஆற்காட்டு மச்சானிடம் சொன்ன ஒரு பொய்.

சாவி மாற்றும் முன்
டேஷ்போர்டைக் காலி செய்தேன்.
யாருடையதோ மாத்திரைச் சீட்டு.
பட்டாம்பூச்சி கிளிப் ஒன்று, ஒரு இறக்கை இல்லை.
வாந்திக்கென்று வாங்கி வைத்த
பாலிதீன் கவர்க் கட்டு, பாதி தீர்ந்தது.
அதை மட்டும் கையில் வைத்துக்கொண்டு
கொஞ்சநேரம் நின்றேன்.
தக்காளி வாந்தி எடுக்குமா.
புது வண்டியில் கொண்டுபோய் வைத்தேன்.

வியாழக்கிழமை முதல் லோடு.
காட்பாடிப் பட்டறையில் ஏற்றி
காந்தி ரோட்டுப் பின்சந்து லாட்ஜில் இறக்க வேண்டும்.
பதினாலு இரும்புக் கட்டில்.
எந்த லாட்ஜ் என்று கேட்டதும் தெரிந்துவிட்டது.
எத்தனையாவது மாடியில் லிஃப்ட் நிற்காது என்பதுகூட.

விருதம்பட்டுக்குள் நுழையும் இடத்தில் ஸ்பீட் பிரேக்கர்.
கால் என்னைக் கேட்கவில்லை.
கிளட்ச், இரண்டாம் கியர், முதல் கியர்,
முன்சக்கரம் ஏறி, நின்று, இறங்கி,
பின்சக்கரத்தை
தையல் பிரிக்காத வயிற்றின்மேல் வைக்கிற மாதிரி
வைத்து எடுத்தேன்.
பின்னால் பஸ்காரன் ஹாரனிலேயே திட்டினான்.

லோடுமேன் திருமால் திரும்பிப் பார்த்தான்.
"இன்னாணா, இரும்புதான?
ஒடஞ்சா பூடும்?"

அடுத்ததை ஒரே மிதியில் ஏற்றிவிடுவது என்று
முடிவு செய்தேன்.

அடுத்தது வந்தது.